அரக்குத் தட்டில் கொடுமுடிக் குரல்

தாத்தா காலத்து 78 ஆர்.பி.எம். கிராமபோன் தட்டு எதுல செஞ்சதுன்னு கேட்டா, நம்மில் பாதிப் பேர் பிளாஸ்டிக்னு சொல்லுவோம். இல்லைங்க, அரக்கு. சோட்டாநாக்பூர் பக்கத்துக் காடுகளில், புரச மரக் கிளையில சாறு உறிஞ்சுற குட்டிப் பூச்சி தன்னைச் சுத்திக் கட்டிக்கிற பிசின். கிளையோட ஒடிச்சா அது கொம்பரக்கு. சுரண்டிக் கழுவி, உருக்கி வடிகட்டி, மெல்லிய தகடா இழுத்தா ஷெல்லாக். நம்ம ஊர் நகைப் பட்டறையில உள்கூடுக்கு நிரப்புறதும் அரக்குதான். அதோட கல்பொடியும் கரியும் கலந்து சூட்டில் அழுத்தினா ரெக்கார்டு. கல்கத்தாவில் இதுக்கு 1908-லேயே ஆலை வந்திருச்சு.

அதே 1908-ல் பிறந்தவர்தான் கே.பி.சுந்தராம்பாள். பெரியநாயக்கன்பாளையத்துல பஸ் ஏறினா, ஈரோடு தாண்டி காவிரிக்கரையில் வர்ற கொடுமுடி அவர் ஊர். வறுமையில் ரயிலில் பாடிய சிறுமியை நாடகக்காரங்க கூட்டிட்டுப் போனாங்கன்னு சொல்வாங்க. மைக் இல்லாத மேடை. கடைசியில் தரையில் உட்கார்ந்தவருக்கும் பாட்டு கேட்கணும். கேட்டுச்சு!

1926-ல் கொழும்பு மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பாவைச் சந்திச்சார். அடுத்த வருஷம் கல்யாணம். ஆனா வாழ்க்கை நிம்மதியா அமையல, பிரிவு, மனக்கசப்பு. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தப்போ அவருக்கு வயசு 27. சுந்தராம்பாளுக்கு 25, அதாவது நம்ம சீனியர் அக்காக்கள் வயசு. அன்னைக்குக் கட்டின வெள்ளைப் புடவையைக் கடைசிவரை மாத்தல. ஆண் நடிகரோட ஜோடியா நடிக்கவும் மறுத்துட்டார்.

1935-ல் ‘நந்தனார்’ படம். சம்பளம் 1 லட்ச ரூபாய், அந்தக் காலத்துல! ஜோடி வேண்டாம்னவர் நந்தனாராகவே, ஆண் வேஷத்தில் நடிச்சார். எனக்கு அந்தச் சம்பளத்தைவிட இதுதான் பெருசாத் தெரியுது. 1953-ல் ‘ஔவையார்’, 1970-ல் பத்மஸ்ரீ, 1980-ல் மறைவு.

அவர் முகத்தையும் குரலையும் சினிமா காப்பாத்திருச்சு. கிட்டப்பாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. பேசும்படம் வந்த ரெண்டே வருஷத்தில் போயிட்டார். அவர் குரல் மிஞ்சினது, பக்கத்துக்கு மூணு நிமிஷம் ஓடுற அரக்குத் தட்டுகளில்தான்.

உங்க வீட்டுப் பரணில் அப்படி ஒரு தட்டு கிடந்தா, கீழே போட்டுடாதீங்க, பீங்கான் மாதிரி உடையும். முக்கியமா, தூசி துடைக்க ஸ்பிரிட்டோ சானிடைசரோ தொடாதீங்க. அரக்கு ஆல்கஹாலில் கரையும்; வரிப்பள்ளத்தோட குரலும் துணியில் வந்துரும். மென்மையான பிரஷ் போதும்.