கொசுவின் வயிற்றுக்குள் பார்த்த டாக்டர்

இந்த மாதச் சுவரிதழில் விஞ்ஞானி பக்கம் எழுதும் முறை என்னுடையது. எடிசன், நியூட்டன், சர் சி.வி. ராமன் எல்லாரையும் ஏற்கனவே மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். அதனால் நான் சர் ரொனால்டு ராஸ் அவர்களைப் பற்றி எழுதுகிறேன். மலேரியா எதனால் பரவுகிறது என்று கண்டுபிடித்தவர் யார் என்ற ஒரு மார்க் கேள்விக்கு நாம் எல்லாரும் எழுதுகிற பெயர்தான். அந்த ஒரு மார்க்குக்குப் பின்னாடி எத்தனை வருஷக் கஷ்டம் இருக்கிறது என்று படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

இவரை நான் எடுத்ததற்கு எங்க அம்மாதான் காரணம். அம்மா சிப்காட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரானிக் போர்டு செக்கிங் வேலை பார்க்கிறார்கள். மேஜையில் ஒரு மடக்குக் கை இருக்கும், அதன் நுனியில் வட்டமான லென்ஸ், லென்ஸைச் சுற்றி வளையமாக லைட். அதன் அடியில் போர்டை வைத்து, ஒவ்வொரு சால்டரும் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில சிப்புகளில் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் அரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. கையில் பிடிக்கிற பூதக்கண்ணாடி என்றால் ஒரு கை அதற்கே போய்விடும், இதில் இரண்டு கையும் வேலைக்கு மிச்சம். லைட் சுற்றி இருப்பதால் கை நிழலும் விழாது. நம்ம பௌதிகப் பாடக் கணக்குப்படி 3 டயாப்டர் லென்ஸ் என்றால் குவியத் தொலைவு சுமார் 33 செ.மீ. அதற்குள் பொருளை வைத்தால்தான் நேராகவும் பெரிதாகவும் தெரியும். ஒரு சாண் இடம் இருப்பதால் கையை உள்ளே விட்டு வேலை செய்யலாம்.

போன மாதம் அம்மாவின் மேஜையில் அந்த வளைய லைட் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. லென்ஸிலும் கீறல். சொல்லிச் சொல்லிப் பார்த்தும் பத்து நாள் மாற்றவில்லை. தினமும் தலைவலியோடு வந்து, விளக்கை அணைக்கச் சொல்லிப் படுத்துவிடுவார்கள். வேலையை விட்டுவிடலாமா என்றுகூட அப்பாவிடம் கேட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் ராஸைப் பற்றிப் படித்தேன். இவரிடம் இருந்த மைக்ராஸ்கோப்பும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான்!

ராஸ் பிறந்தது நம் இந்தியாவில்தான். 1857 மே 13, இமயமலை அடிவாரத்து அல்மோரா. மீரட்டில் சிப்பாய்கள் எழுந்து மூன்றாவது நாள். அப்பா ஆங்கிலேய ராணுவ அதிகாரி. எட்டு வயதில் படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். பையனுக்கு டாக்டர் ஆக ஆசையே கிடையாது. படம் வரையணும், பாட்டு எழுதணும், கதை எழுதணும். அப்பாதான் பிடிவாதமாக லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் சேர்த்தார். ஒரு பரீட்சையில் தவறி, கப்பல் டாக்டராகக் கொஞ்ச காலம் ஓட்டி, மறுபடி எழுதிப் பாஸ் செய்து, 1881இல் இந்திய மருத்துவப் பணிக்கு வந்தார். போட்டது நம்ம மெட்ராஸ் மாகாணத்தில். (நம்மில் சில பேருக்கு இந்தக் கதை தெம்பாக இருக்கும்!)

1883இல் அவருக்குப் பெங்களூரில் வேலை. நம்ம ஊரிலிருந்து 40 கிலோமீட்டர். பங்களாவில் ஒரே கொசு. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்ப் பீப்பாயில் புழுக்கள் நெளிவதைப் பார்த்துக் கவிழ்த்துவிட்டார். கொசு குறைந்தது. மற்ற இடங்களிலும் இப்படிச் செய்யலாமே என்று ராணுவ அதிகாரி ஒருவரிடம் சொன்னதற்கு, கொசுவும் இயற்கை படைத்ததுதானே, நாமே பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற மாதிரி பதில் வந்ததாம். இந்தக் கொசுவைத் தேடித்தான் பின்னால் தன் வாழ்நாளையே செலவு செய்யப் போகிறோம் என்று அவருக்கு அப்போது தெரியாது.

அந்தக் காலத்தில் மலேரியா கெட்ட காற்றினால் வருகிறது என்றுதான் நினைத்தார்கள். அந்தப் பெயருக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். 1880இல் லாவரன் என்ற பிரெஞ்சு டாக்டர் அல்ஜீரியாவில் நோயாளியின் ரத்தத்தில் ஒட்டுண்ணியைப் பார்த்துவிட்டார். ராஸ் முதலில் அதை நம்பவே இல்லை. 1894இல் லண்டனில் பேட்ரிக் மேன்சன் என்ற பெரிய டாக்டர் மைக்ராஸ்கோப்பில் காட்டிய பிறகுதான் நம்பினார். கொசுவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று வழி காட்டியதும் மேன்சன்தான். அடுத்த வருஷமே ராஸ் இந்தியா திரும்பிவிட்டார். செகந்திராபாத்தில் 19ஆவது மெட்ராஸ் காலாட்படைக்கு டாக்டர்.

இங்கேதான் உண்மையான வேலை ஆரம்பம். காய்ச்சல் வந்த ஆளைக் கொசுவலைக்குள் படுக்க வைத்து, கொசுவை விட்டுக் கடிக்க வைப்பார். ரத்தம் குடித்த கொசுக்களைச் சில நாள் வளர்த்து, ஊசியால் பிரித்து, வயிற்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஒவ்வொரு செல்லாகப் பார்க்க வேண்டும். ஒரு கொசுவுக்கே இரண்டு மணி நேரம் ஆகும். அப்போதைய மைக்ராஸ்கோப்பில் பல்பு எல்லாம் கிடையாது. அடியில் ஒரு கண்ணாடி இருக்கும், அதைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தைப் பிடிக்கணும். மேகம் வந்தால் போச்சு.

சாதாரண சாம்பல் நிறக் கொசுக்களையே வருஷக்கணக்கில் அறுத்துப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. தப்பான கொசுவை எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் கிடைக்காது என்று இப்போது நமக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரியும்? நடுவில் 1895இல் காலரா தடுப்பு வேலைக்குப் பெங்களூருக்கு மாற்றிவிட்டார்கள். 1897இல் ஊட்டிக்குப் போனபோது சீகூர் பக்கம் ஆராய்ச்சி செய்யப் போய் அவருக்கே மலேரியா வந்துவிட்டது.

அதே வருஷம் ஆகஸ்ட் மாதம். செகந்திராபாத்தில் பயங்கர வெயில். பங்கா விசிறி போட முடியாது, போட்டால் அறுத்து வைத்த கொசு பறந்துவிடும். நெற்றி வேர்வை சொட்டிச் சொட்டி மைக்ராஸ்கோப்பின் ஸ்குரூ எல்லாம் துருப்பிடித்துவிட்டது. மிச்சம் இருந்த ஒரே கண்ணருகு லென்ஸிலும் விரிசல். அதை வைத்துத்தான் பார்த்தார். இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தை எடுத்துப் போய் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா எதுவும் சொல்லவில்லை. இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

அப்போது அவருக்கு இறக்கையில் புள்ளி உள்ள வேறு வகைக் கொசுக்கள் கிடைத்தன. அனாபிலிஸ் என்று நாம் படிப்பது அதைத்தான். உசேன் கான் என்ற நோயாளியை 16ஆம் தேதி கடிக்க விட்டார். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் அவருக்கு ஓர் அணா கூலி. (எங்க தெருவில் சும்மாவே கடிக்கிறது!) ஒவ்வொன்றாக அறுத்ததில் பல வீணாகிப்போய், கடைசியில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

20ஆம் தேதி மதியம். கண் வலியோடு ஒரு கொசுவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே வந்தவர், கிட்டத்தட்ட முடிக்கும்போது வட்டமான ஒரு செல்லைப் பார்த்தார். அளவு 0.012 மில்லிமீட்டர். அம்மா பார்க்கிற சிப் கால் இடைவெளியை நாற்பதாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு! உள்ளே கருப்பாகச் சில பொடிகள். மலேரியா ஒட்டுண்ணியில் இருக்கும் அதே கருப்புப் பொடி கொசுவின் வயிற்றில் எப்படி வந்தது? மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார். அதே மாதிரி செல், ஆனால் முந்தின நாளைவிடப் பெரிசு. வளர்கிறது என்றால் உயிர் இருக்கிறது என்றுதானே அர்த்தம். அன்று இரவு மனைவிக்குக் கவிதை எழுதி அனுப்பினார். சின்ன வயசு ஆசை போகவில்லை பாருங்கள்.

சந்தோஷம் ஒரு மாதம்கூட நிற்கவில்லை. செப்டம்பரில் ராஜஸ்தானில் உள்ள கெர்வாரா என்ற ஊருக்கு மாற்றல். அங்கே மலேரியாவே கிடையாது. மேலே இருந்தவர்களுக்கு இவர் என்ன செய்கிறார் என்றே புரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேன்சன் பேசி, 1898இல் கல்கத்தாவுக்கு ஆராய்ச்சிக்கென்றே அனுப்பினார்கள். அங்கே மனித நோயாளிகள் கிடைப்பது கஷ்டமாக இருந்ததால், குருவிகளுக்கு வரும் மலேரியாவை எடுத்துக்கொண்டார். முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கூடவே இருந்து உழைத்தார். ஜூலை மாதம், ஒட்டுண்ணி கொசுவின் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேருவதைப் பார்த்தார். கொசு கடிக்கும்போது அது எப்படி உடம்புக்குள் போகிறது என்ற புதிர் அதோடு தீர்ந்தது. அந்தக் கொசுக்களை விட்டு நல்ல குருவிகளைக் கடிக்க வைத்துப் பார்த்தார், அவற்றுக்கும் நோய் வந்தது. மனித மலேரியாவில் இதே பாதையை அதே வருஷம் இத்தாலியில் கிராஸியும் நண்பர்களும் காட்டினார்கள்.

1902இல் நோபல் பரிசு. 1911இல் சர் பட்டம். ஆனால் இவர் கொஞ்சம் கோபக்காரர். முதலில் கண்டுபிடித்தது யார் என்று கிராஸியோடு கடைசிவரை சண்டை. தனக்கு வழிகாட்டிய மேன்சன் மீதே பின்னால் வழக்குப் போட்டார். அது எனக்குப் பிடிக்கவில்லை. சியரா லியோன், மொரிஷியஸ் என்று போய்க் கொசு ஒழிப்பு வேலைகளில் ஈடுபட்டார். தேங்கிய தண்ணீரை ஒழித்தால் போதும் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார். பெங்களூர்ப் பீப்பாய் விஷயம்தான். 1926இல் லண்டனில் அவர் பெயரில் ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள். 1932 செப்டம்பர் 16 அன்று அங்கேயே காலமானார். அவர் கொசு அறுத்த பேகம்பேட்டைக் கட்டடம் ஹைதராபாத்தில் இன்னும் இருக்கிறது. ஆகஸ்ட் 20ஐ உலகக் கொசு தினம் என்கிறார்கள்.

போன வாரம் அம்மாவின் மேஜைக்குப் புது லைட் வந்துவிட்டது. லென்ஸ் இன்னும் பழசுதான். அம்மா இப்போது கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை தலையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்க்கிறார்களாம், கண் டாக்டர் சொன்னது. நேற்று ராத்திரி என் நோட்டில் ஒரு கொசு செத்து விழுந்தது. அறிவியல் ஐயாவிடம் இரவல் வாங்கி வைத்திருந்த கைலென்ஸை டார்ச்சோடு பிடித்துப் பார்த்தேன். இறக்கையில் புள்ளி இல்லை, காலில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. டெங்கு கொசு! அம்மா லென்ஸை என் கையிலிருந்து வாங்கி, எனக்குத் தெரியாத மீசையெல்லாம் பார்த்துச் சொன்னார்கள். அப்புறம் டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராகப் பின்பக்கத்துத் தண்ணீர் டிரம்முக்குப் போனார்கள்.