மூவலூர் இராமாமிர்தம் அம்மையார்

பெண்ணியம் பற்றிப் படிக்க வேண்டும், எந்த நூலில் தொடங்கலாம் என்று முதலாண்டுத் தங்கையர் சிலர் என்னைக் கேட்பதுண்டு. எளாவூரிலிருந்து பொன்னேரிக்கு ஒரே மின்சார இரயிலில் வருகிறவர்கள் நாங்கள். ஆகவே இத்தகைய பேச்சுக்கு நேரம் கிடைக்கும். மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1792-இல் எழுதிய நூல், சிமோன் த பொவார் 1949-இல் எழுதிய நூல் என்று ஒரு பட்டியலை நீட்டிவிடலாம். கேட்பவளும் பணிவோடு குறித்துக்கொள்வாள். மூன்றாம் பக்கத்தில் மூடியும் வைத்துவிடுவாள். நான் சொல்லும் விடை வேறு. முதலில் ஒருவரின் வாழ்க்கையைப் படியுங்கள். பிறகு அவர் எழுதிய நாவலைப் படியுங்கள். கோட்பாடு தானே பின்னால் வரும்.

அவர் பெயர் நமக்குப் புதிதன்று. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவியருக்கு மாதம் ரூ.1000 வழங்கும் உயர்கல்வி உறுதித் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 2022-இல் தொடங்கப்பெற்றது. அதற்கு முன்பு, 1989 முதல், அதே பெயரில் நடந்தது திருமண உதவித் திட்டம். தாலிக்குத் தங்கம் என்றிருந்தது படிப்புக்குப் பணம் என்று மாறியதை அம்மையார் அறிந்தால் மகிழ்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன். எனினும் அப்பெயருக்குரியவர் யார் என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், பலரும் விழிப்பர்.

அம்மையார் 1883-இல் திருவாரூரில் பிறந்தார். வளர்ந்தது மாயவரத்துக்கு அருகிலுள்ள மூவலூரில். வறுமை தாளாத பெற்றோர், குழந்தைப் பருவத்திலேயே அவரைச் சிறு தொகைக்குத் தாசி குலத்துப் பெண்ணொருத்தியிடம் விட்டுச் சென்றனர். ஆடலும் பாடலும் கற்பித்து, பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு உரியவளாக்கி, பின்னர்ப் பொருளுள்ள ஆடவர் ஒருவரின் ஆதரவில் வைப்பது அன்றைய வழக்கம். பதினேழு வயதில் முதியவர் ஒருவருக்கு இவரை உரிமையாக்க ஏற்பாடு நடந்தது. இராமாமிர்தம் மறுத்தார். தமக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்த சுயம்பு பிள்ளையையே கணவராக ஏற்றார். துணைக்கு இயக்கமோ சட்டமோ இல்லாத காலம் அது. அந்த மறுப்பைத்தான் அவருடைய முதல் நூல் என்பேன். எழுத்தில் வந்தது வெகுகாலம் கழித்து.

பொதுவாழ்வில் முதலில் காங்கிரசில் இருந்தார், கதர் உடுத்தினார், ஊர் ஊராகச் சென்று பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகப் பேசினார். 1925-இல் பெரியார் காங்கிரசை விட்டு விலகியபோது அம்மையாரும் விலகிச் சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்தார். அதே காலத்தில் சென்னைச் சட்டமன்றத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இவ்வழக்கத்தை ஒழிக்கப் போராடிக்கொண்டிருந்தார். 1929-இல் வந்த சட்டத்திருத்தம் நுட்பமானது. கோயில் ஊழியம் செய்தால்தான் மானிய நிலம் என்று இருந்த கட்டு அதனால் அவிழ்ந்தது. ஊழியத்தை விட்டாலும் நிலம் அப்பெண்ணுக்கே உரியதாயிற்று. பொட்டுக்கட்டு என்பது பக்தியோ ஒழுக்கக்கேடோ மட்டுமன்று, அதன் அடியில் நிலமும் சொத்தும் இருந்தன என்பதை இத்திருத்தமே காட்டிவிடுகிறது. 1930-இல் முத்துலட்சுமி அம்மையார் கொண்டுவந்த ஒழிப்பு மசோதா உடனே நிறைவேறவில்லை. 1947-இல்தான் முழுத் தடைச் சட்டம் வந்தது.

இடைப்பட்ட அப்பதினேழு ஆண்டுகளின் நடுவே, 1936-இல் வெளிவந்தது அம்மையாரின் நாவல்: ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. தாசி வீட்டில் சொத்தைக் கரைக்கும் செல்வந்த வாலிபன், அவனை மீட்கப் புறப்படும் மனைவி, அந்தத் தொழிலையே எதிர்த்து எழும் தாசி குலப் பெண்கள் என்று கதை விரிகிறது. நடையில் மேடைப் பேச்சின் ஓசை மிகுதி. கதை நின்று பிரசங்கம் தொடங்கும் இடங்களில் பொறுமை வேண்டும். ஆனால் அவ்வீடுகளின் உள்ளே நடக்கும் பேரம், தரகு, பயிற்சி ஆகியவற்றை அங்கேயே வளர்ந்தவர் எழுதியிருக்கிறார். முன்னுரையில் தம் வரலாற்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். முன்னுரையைத் தாண்டிவிட்டுக் கதைக்குப் போகும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்நூலில் அதைச் செய்யாதீர்கள்.

இந்நூலோடு எனக்கு ஒரு பிணக்கும் உண்டு. வலை விரித்தவர்கள் தாசிகள் என்றே தலைப்புச் சொல்கிறது. மானியம் கொடுத்தவன், பணம் கொடுத்தவன், தரகு பேசியவன் எல்லாரும் தலைப்புக்கு வெளியே நிற்கிறார்கள். மைனருக்கோ மதி பெறும் வாய்ப்பும் கிடைத்துவிடுகிறது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கலைவல்லோர் அக்காலத்திலேயே முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியை எதிர்த்தனர். தங்கள் மரபினர் அனைவரையும் ஒழுக்கமற்றவர் என்று பொதுப்படச் சொல்வதை அவர்கள் ஏற்கவில்லை. முத்துப்பழனி என்ற தெலுங்குக் கவிஞையின் காவியத்தை 1910-இல் பதிப்பித்து, அதன்பொருட்டு அரசின் தடைக்கு உள்ளானவர் அந்த நாகரத்தினம்மாள். அக்காவியத்தின் தடை நீங்கியதும் 1947-இல்தான் என்பது வியப்பான பொருத்தம். இருவரும் பெண்கள், இருவரும் அந்த மரபை உள்ளிருந்து அறிந்தவர்கள், நின்றதோ எதிரெதிர்ப் பக்கம். யார் பக்கம் நியாயம் என்று இரயிலில் நாங்கள் இருமுறை சண்டையிட்டிருக்கிறோம். நான் மூவலூரார் பக்கம். சிறுமியாக இருந்தபோது கைமாற்றப்பட்டவருக்குக் கலையின் பெருமை இரண்டாவதாகத்தான் தோன்றும்.

பெண்ணின் உழைப்பு யாருக்குப் பயன்படுகிறது, உரிமை யார் பெயரில் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் நான் இந்த வாழ்க்கையிலிருந்தே எடுத்துக்கொண்டேன். அவற்றை வைத்துக்கொண்டு நம் பழவேற்காட்டு ஏரியைப் பாருங்கள். கரையில் மீனைக் கூடையில் ஏற்றி விற்கப் போகிறவள் பெண். சேற்று நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் உண்டு. ஆனால் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று முறை வைக்கும் ‘பாடு’ ஆண்களின் பெயரிலேயே நடந்து வந்தது. இதைச் சொன்னபோது என் பாட்டி, பாடு படுவது நாங்கள், பாடு வாங்குவது அவர்கள் என்று சிரித்தார். ஆராய்ச்சியாளர் பலர் பக்கம் பக்கமாக எழுதியதை அவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அம்மையாரின் மற்றைய வாழ்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1938-இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தமிழர் படையில் அவரும் நடந்தார். ஆகஸ்டு 1-இல் தொடங்கிச் செப்டம்பர் 11-இல் முடிந்தது அந்நடைப்பயணம், 42 நாட்கள். அப்போது அவர் வயது ஐம்பத்தைந்து. அதே ஆண்டு நவம்பரில் சென்னையில், மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார் தலைமையில் கூடிய பெண்கள் மாநாடுதான் ஈ. வெ. ரா. அவர்களைப் பெரியார் என்று அழைக்கத் தீர்மானித்தது. அதையடுத்து மறியல் செய்த பெண்களுள் ஒருவராக இராமாமிர்தம் அம்மையார் ஆறு வாரம் சிறை சென்றார்.

அப்பெயர் சூட்டிய தலைவரையே 1949-இல் அவர் பிரிந்தார். பெரியார்–மணியம்மை திருமணத்தை ஏற்காமல் அண்ணாவோடு சென்றார். அரசியல் காரணங்களை ஆசிரியர்கள் விளக்குவார்கள். எனக்கோ, முதியவருக்கு உரியவளாக மறுத்த அந்தப் பதினேழு வயதுப் பெண்தான் நினைவுக்கு வருகிறாள். 1962 சூன் 27-இல் அம்மையார் மறைந்தார்.

நூல் வரிசை கேட்ட தங்கையருக்கு: முதலில் அந்த நாவல். அடுத்துப் பெரியாரின் ‘பெண் ஏன் அடிமையானாள்?’, சிறியது, இரண்டு நாளில் முடியும். பிறகு அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. 1988-இல் வந்த சிறுகதைத் தொகுப்பு. பொவாரை அதற்குப் பிறகு எடுங்கள். கனமான நூல், விடுமுறையில் வைத்துக்கொள்வது நல்லது.