கல்லைத் தேடி நடந்தவர்

சென்ற ஐப்பசியில் நண்பர்கள் மூவர் கல்வராயன் மலைக்குச் சென்றோம். திட்டம் ஏதுமில்லை. அடைமழையில் நனைந்து, கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடி, அதையும் தவறவிட்டு, வெள்ளிமலையில் ஒரு கடைத் திண்ணையில் இரவைக் கழித்தோம். அந்த ஓட்டத்தினிடையே ஏதோ ஓர் ஓடையருகே கூரிய விளிம்புடைய கல்லொன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். ஆதிமனிதனின் ஆயுதமே கிடைத்துவிட்டதாக எனக்குப் பெருமிதம்!

எங்கள் வரலாற்றுப் பேராசிரியர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த ஊர், எந்த ஓடை, எந்த மண்ணின்மேல் கிடந்தது என்று கேட்டார். என்னால் ஒன்றுக்கும் விடை கூற இயலவில்லை. இடம் தெரியாத கல் வெறுங் கல்தான் என்று கூறித் திருப்பித் தந்துவிட்டு, இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரின் வாழ்க்கையைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

1834-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாம் நகரில் பிறந்த ஃபூட், தமது இருபத்து நான்காம் வயதில், 1858-இல், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னை மாகாணத்திற்கு வந்தார். இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை இரயில் ஓடத் தொடங்கி அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. இரயில் நின்ற இடத்தில் மாட்டுவண்டி. வண்டித் தடம் முடிந்த இடத்தில் கால்நடை. மழைக்காலத்தில் அலுவலகத்தில் அமர்ந்து எழுதுவதும், மழை ஓய்ந்தபின் கூடாரத்தோடு புறப்பட்டு மாதக்கணக்கில் சுற்றுவதும் அத்துறையினரின் வழக்கம். ஐப்பசியில் மலையேறிய நாங்கள் இதை முன்பே அறிந்திருக்கலாம்!

பாறைகளை ஆராய்ந்து வரைபடம் வரைவதே அவருக்கு இடப்பட்ட பணி. ஆனால் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், சரளைமண் தோண்டிய குழியொன்றில், மனிதன் செதுக்கிய கல்லொன்று அவர் கண்ணில் பட்டது. இந்தியாவில் இனங்கண்டறியப்பட்ட முதல் பழைய கற்கால ஆயுதம் அதுவே என்பர். அதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்னர், 1859-இல்தான், பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிடைத்த அத்தகைய கற்கள் மனிதன் செய்தவையே என்று ஆங்கிலேய அறிஞர்கள் ஒப்புக்கொண்டிருந்தனர். அச்செய்தியறிந்த ஒருவரின் கண் பல்லாவரத்துக் குழியில் விழுந்தது நமது நற்பேறு. அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்னும் உடன் பணியாளருடன் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். அவ்வூரின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் தொன்மையானவை என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த செய்தியில்தான். 1864-இல் கிங்கும் ஃபூட்டும் சேர்ந்து சேலம், திருச்சி, தஞ்சை, தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நிலவியல் பற்றி நூலொன்று எழுதினர். கள்ளக்குறிச்சி அன்று தென்னார்க்காட்டைச் சேர்ந்தது. தென்னார்க்காட்டிற்கும் சேலத்திற்கும் இடையே சுவர்போல் நிற்பது நம் கல்வராயன் மலையல்லவா!

ஃபூட்டின் சிறப்பு, கல்லை எடுத்ததில் மட்டுமன்று. எடுத்த இடத்தை எழுதிவைத்ததில் இருக்கிறது. பழைய கற்காலத்திற்கும் புதிய கற்காலத்திற்கும் நடுவே மனிதரில்லாத நெடிய இடைவெளி இருந்ததென்று அவர் கருதினார். பிற்கால ஆய்வுகள் அதைத் தவறென்று காட்டின. ஆயினும் அவருடைய இடக்குறிப்புகள் இன்றும் பயன்படுகின்றன. நானூறுக்கும் மேற்பட்ட இடங்களில் திரட்டிய அவரது சேகரிப்பு 1904-இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஒன்று மட்டும் மனத்தை உறுத்துகிறது. அவர் கூடாரத்தைச் சுமந்தவர், காட்டுவழி காட்டியவர் ஆகியோரின் பெயர்களை நான் படித்த பக்கங்களில் காணவில்லை.

அவர் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய அதே பெர்சிவல்தான். 1891-இல் ஓய்வு பெற்ற ஃபூட், பின்னர் பரோடா, மைசூர் சமஸ்தானங்களிலும் பணியாற்றினார். ஏற்காட்டில் குடியிருந்தார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். அவரது அஸ்தி ஏற்காட்டுத் தேவாலய வளாகத்தில் உள்ளது.

அங்கே போய் முடிவதாக இப்போது ஒரு பயணம் வகுத்திருக்கிறோம். பொங்கல் கழிந்த மறுவாரம் புறப்பாடு. மழை விட்டிருக்கும், காட்டுத்தீக் காலமும் தொடங்கியிராது. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் தீயில் சிக்கி மலையேறியோர் மாண்டதை யார்தான் மறந்தோம்? கள்ளக்குறிச்சியில் காலைப் பேருந்து ஏறிக் கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலை. அங்கிருந்து மூன்று நாள் மெதுநடையாகக் கருமந்துறை. பேருந்துச் சாலையை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. எவனுக்காவது கால் பிசகினால் ஏற்றி அனுப்ப வேண்டுமே! இரவுத் தங்கல், மலையிலிருந்து வந்து எங்களோடு படிக்கும் தோழனின் மாமன் வீட்டிலும் அவர் சொல்லும் வீடுகளிலும். வழிகாட்டி அம்மாமனே, அவர் பெயரைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியாயிற்று. கருமந்துறையில் பேருந்தேறிச் சேலம், அங்கிருந்து ஏற்காடு.

வனத்துறைக்கு அனுமதி மனு கொடுத்திருக்கிறோம். இம்முறை எந்தக் கல்லையும் எடுப்பதாக இல்லை. கிடந்த இடத்தை மட்டும் எழுதிக்கொள்வோம். பழைய கல் என் மேசைமேல், தாள்கள் பறக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது.