மூசி வெள்ளமும் மஹபூப் பாதுஷாவும்

ஹைதராபாத்துக்குப் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு நிஜாம் என்றதும் கடைசி நிஜாம்தான் ஞாபகத்துக்கு வருவார். பழைய பட்டணத்து ஜனங்களோ அவருடைய தகப்பனார் மஹபூப் அலிகானைத்தான் வாஞ்சையோடு பேசுவார்கள்.

1866ல் பிறந்த இவர் ஆறாவது நிஜாம். 1869ல் தந்தை காலமானபோது இவருக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. தகப்பனில்லாத அந்தக் குழந்தையைத்தான் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். திவான் சாலார் ஜங் முன்னின்று ராஜ்யத்தைக் கவனித்துக் கொண்டார். வாடியிலிருந்து செகந்திராபாத்துக்கு 1874ல் ரயில் வந்ததும் அந்த நாளில்தான். (சம்பளம் கொடுக்கும் இலாகாவாயிற்றே, சொல்லாமல் போக மனமில்லை!) 1884ல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு நேரில் வந்து பட்டம் சூட்டினார்.

மன்னர் ஆடம்பரப் பிரியர். புரானி ஹவேலியில் அவருடைய உடுப்பு அலமாரியைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். வேட்டை, வைரம் என்று பணம் தண்ணீராய் ஓடியது. இதை மறைப்பதற்கில்லை.

ஆனால் 1908 செப்டம்பர் 28, திங்கட்கிழமை, மூசி நதி கரையை உடைத்துக் கொண்டு ஊருக்குள் புகுந்தது. பாலங்கள் முழுகின. அப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரி அழிந்தது. கோல்சாவாடி போன்ற பேட்டைகள் இருந்த இடம் தெரியவில்லை. சுமார் 15,000 பேர் மாண்டதாகக் கணக்கு. ஆஸ்பத்திரி வளாகத்துப் புளியமரத்தில் ஏறி 150 பேர் வரை பிழைத்தார்கள். அந்த மரம் இன்றும் உஸ்மானியா ஆஸ்பத்திரியில் நிற்கிறது.

வீடிழந்த தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் அரண்மனைக் கதவுகள் திறந்துவிடப்பட்டன. சாதி, மதம் பாராமல் கஞ்சித் தொட்டிகள் நடந்தன. நிவாரண வேலையில் சரோஜினி நாயுடுவும் இறங்கினார். மன்னரே ஆற்றங்கரைக்குப் போய் இந்து முறைப்படி மூசிக்கு ஆரத்தி எடுத்தாரென்று ஜனங்கள் சொல்வதுண்டு. பாம்புக்கடிக்கு அவர் பெயரைச் சொன்னாலே விஷம் இறங்கும் என்று நம்பியவர்கள் அல்லவா!

மறு வருஷமே விசுவேசுவரய்யாவை வரவழைத்து, வெள்ளத் தடுப்புக்குத் திட்டம் போடச் சொன்னார்கள். உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் ஏரிகள் அதன் பலன். ஆனால் அவற்றைக் காண மஹபூப் இல்லை. 1911 ஆகஸ்டில், 45 வயதில், பலக்நுமா அரண்மனையில் இறந்து, மக்கா மசூதியில் அடக்கமானார்.

வெள்ளத்துக்கு முன்பே அவர் செய்த காரியம் ஒன்று உண்டு. சரூர்நகரில் தமக்கென்று கட்டிய மாளிகையை, 1901ல் இறந்த விக்டோரியா மகாராணியின் ஞாபகார்த்தமாக, அனாதைப் பிள்ளைகளின் இல்லமாக்கினார். பெயர் மகாராணிக்கு, மாளிகை பிள்ளைகளுக்கு! எல்.பி. நகர் மெட்ரோவில் போகிறவர்கள் 'விக்டோரியா மெமோரியல்' என்ற ஸ்டேஷனைத் தினமும் தாண்டுகிறார்கள். அந்தப் பெயர் இந்த இல்லத்தால் வந்ததுதான். தாய் தகப்பனற்ற பிள்ளைகள் இன்றும் அங்கே தங்கிப் படித்து வருகிறார்கள்.