சிறுசொற்களின் பேரறிஞர் வில்ஹெல்ம் கைகர்

அப்புத்தளை மலைமுகட்டில் நின்று நோக்குவோர்க்கு வடபால் தேயிலைக் குன்றுகளும், தென்பால் கடலை நோக்கிச் சரிந்து செல்லும் தாழ்நிலமும் ஒருங்கே தோன்றும். அம்முகட்டைப் போலவே எங்கள் ஊரும் இரு மொழிகளின் நடுவே அமைந்தது. தோட்டத்து லயங்களில் தமிழ். கடைத்தெருவிலும் கந்தோர்களிலும் பெரும்பாலும் சிங்களம்.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன், தோட்டப் பாடசாலையொன்றில் இளம் ஆசிரியனாக இருந்தேன். பிறப்புப் பதிவில்லாத பிள்ளையொன்றின் பொருட்டு ஒரு கந்தோருக்குச் செல்ல நேர்ந்தது. அரைகுறையாகக் கற்றிருந்த சிங்களத்தில், பிள்ளை என்பதற்கு 'லமயா' என்று சொல்லித் தொடங்கினேன். எழுதுவினைஞர் நிமிர்ந்து பார்த்து, எந்தப் பிள்ளை என்று வினவினார். அதைத்தானே சொல்ல வந்தேன் என்று உள்ளூரச் சினந்தேன். ஆனால் பிழை என்னுடையதே. 'லமயா' என்றால் இருவரும் முன்பே அறிந்த அந்தப் பிள்ளை. 'லமயெக்' என்றால் இன்னாரென்று குறியாத ஒரு பிள்ளை. தமிழில் பிள்ளை என்று வாளா சொல்லிவிடலாம். சிங்களத்தில் ஒருமைப் பெயரைச் சொல்லும்போதே இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

இதனை எனக்கு விளக்கியவர் உடன் பணியாற்றிய முதிய சிங்கள ஆசிரியர். அவர் வாய்மொழியோடு நில்லாமல், 1938-ல் கொழும்பில் வெளியான சிங்கள இலக்கண நூலொன்றையும் என் கையில் தந்தார். அதனை இயற்றியவர் ஒரு ஜெர்மானியர் என்பது எனக்கு வியப்பளித்தது. மகாவம்சத்தைப் பெயர்த்தவர் என்றே கைகரின் பெயரைத் தமிழர்களாகிய நாம் அறிவோம். இலக்கண ஆசிரியரான கைகரை நம்மிற் சிலரே அறிவர்.

வில்ஹெல்ம் கைகர் 1856-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் ஒரு பாதிரியாரின் மைந்தராகப் பிறந்தார். எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஸ்பீகலிடம் பயின்றார். அவருடைய முதற் காதல் ஈழத்தின் மீதன்று, ஈரானின் மீது. பண்டைக் கிழக்கு ஈரானியரின் நாகரிகம் பற்றி 1882-ல் ஒரு நூல் வெளியிட்டார். பலூச்சி, ஆப்கானிய மொழிகளின் சொற்பிறப்பையும் ஆராய்ந்தார். சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தபின், 1891-ல் தம் ஆசானின் இடத்திலேயே எர்லாங்கனில் பேராசிரியராக அமர்ந்தார்.

1895-ஆம் ஆண்டின் இறுதியில், முப்பத்தொன்பதாம் வயதில், அவர் முதன்முறையாக இலங்கை வந்தார். அப்புத்தளையைக் கடந்து பண்டாரவளை வரை புகைவண்டி ஓடத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்தது. பதுளைக்கு அது வர 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காப்பி அழிந்து தேயிலை பரவிய காலம். நம் முன்னோர் தமிழகத்திலிருந்து வந்து இம்மலைகளில் கொழுந்து கொய்துகொண்டிருந்தனர். கைகரோ சிங்களத்தையும் மாலைத்தீவு மொழியையும் கற்க வந்தவர். சில மாதங்களே தங்கினார். ஆயினும் அச்சில மாதங்கள் அவர் வாழ்நாளின் திசையையே மாற்றிவிட்டன. சிங்களச் சொற்பிறப்பு நூல் 1897-லும், சிங்கள இலக்கியமும் மொழியும் பற்றிய நூல் 1900-லும் ஜெர்மன் மொழியில் வெளிவந்தன. மாலைத்தீவு மொழி சிங்களத்தின் உடன்பிறப்பு என்பதை விளக்கும் அவருடைய ஆய்வுகள் 1919-ல் கொழும்பில் ஆங்கிலத்தில் அச்சாயின.

நிற்க. என்னை வருத்திய 'லமயெக்' என்னும் சொல்லுக்குத் திரும்புவோம். அதன் ஈற்றிலுள்ள 'எக்' வேறொன்றுமன்று. ஒன்று என்னும் பொருளுடைய 'ஏக' என்ற பழஞ்சொல் தேய்ந்து பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டதே. ஈரானியம் கற்றிருந்த கைகருக்கு இது புதிய காட்சியாக இருந்திராது. பாரசீகத்திலும் 'மர்த்' என்றால் மனிதன். 'மர்தீ' என்றால் ஒரு மனிதன். அந்த 'ஈ' என்பதும் ஒன்று என்னும் எண்ணின் எச்சமே. ஜெர்மனிலோ ஒன்று என்னும் பொருள்படும் 'ஐன்' பெயருக்கு முன்னே நிற்கும். குறித்த பொருளைச் சுட்ட 'டெர், டீ, டாஸ்' என மூன்று சொற்கள் உண்டு. ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் என அவை பிரிந்தாலும், அப்பிரிவு பொருளைப் பார்ப்பதில்லை. மேசை ஆண்பால், சிறுமியோ ஒன்றன்பால்! இவையும் ஒருகாலத்தில் 'அது' என்று கைநீட்டிச் சுட்டிய சொற்களே. 'டாஸ்' என்பதும் வடமொழியின் 'தத்' என்பதும் ஒரே வேரின. நாம் அந்த, இந்த என்று சுட்டுவதையும், ஒரு என்று எண்ணுவதையும் இன்றளவும் விருப்பம்போல் வைத்திருக்கிறோம். அம்மொழிகளில் அவை கட்டாயமாகிவிட்டன. வேறுபாடு அவ்வளவே.

சிறுசொல்தானே என்று இதனைத் தள்ளிவிட இயலாது. கைகரின் புகழ்பெற்ற பணியே இதற்குச் சான்று. மகாவம்சத்தின் பாலி மூலத்தை அவர் 1908-ல் திருத்தமாகப் பதிப்பித்தார். அவர் செய்த ஜெர்மன் பெயர்ப்பை மேபல் போட் அம்மையார் ஆங்கிலமாக்க, அதனைக் கைகரே சரிபார்க்க, 1912-ல் அது வெளிவந்தது. பாலியில் 'டெர்' போன்ற சொல்லும் இல்லை. 'ஐன்' போன்ற கட்டாயமும் இல்லை. தமிழர் என்னும் பொருளுடைய பன்மைப் பெயர் மூலத்தில் வந்தால், அது சில தமிழரா, முன்சொன்ன அத்தமிழரா, தமிழினம் முழுவதுமா என்பதை இடம் நோக்கியே உணர வேண்டும். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பெயர்ப்பாளர் பேனாவை எடுத்த அக்கணமே ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். சுட்டுச்சொல்லை முன்னிட்டால், போர்க்களத்தில் நின்ற ஒரு படை ஓர் இனமாகவே வாசகர் கண்ணுக்குத் தோன்றிவிடக் கூடும். மூலத்தில் மங்கலாக இருந்த எல்லைக்கோடு பெயர்ப்பில் மையிட்டாற்போல் தெளிகிறது. இது கைகரின் குற்றமன்று. அவர் தாய்மொழி விதித்த கட்டாயம். எதிரியாயினும் எல்லாளன் நீதி வழுவாத மன்னன் என்று அந்நூலே கூறுவதையும் நாம் மறத்தலாகாது. மகாவம்சத்தைப் பெயர்ப்பு வழியே படித்து வாதிடுவோர், இருதரப்பினரும், இச்சிறுசொற்களைச் சற்று நின்று நோக்குவது நன்று.

1920-ல் கைகர் மியூனிக் பல்கலைக்கழகத்துக்கு மாறி, 1924-ல் ஓய்வு பெற்றார். ஓய்வு அவருக்கு ஓய்வாகவில்லை. 1925-லும் 1931-லும் மீண்டும் இலங்கை வந்தார். இறுதியாக வந்தபோது அவருக்கு வயது எழுபத்தைந்து. மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சத்தையும் பதிப்பித்துப் பெயர்த்தார். சேர் டி. பி. ஜயதிலக்க முதன்மை ஆசிரியராக இருந்து நடத்திய சிங்களப் பேரகராதிக்கு ஆலோசனை நல்கினார். எண்பத்திரண்டாம் வயதை எட்டும் தறுவாயில் வெளிவந்ததே நான் கண்ட இலக்கண நூல்.

அந்நூலின் துணையோடு நான் மூவிடப் பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். ஜெர்மனில் 'டூ' என்பது நீ. உறவினரையும் நண்பரையும் இறைவனையும் அவ்வாறே அழைப்பர். அதே வேரிலிருந்து வந்த சிங்களத்துத் 'தோ'வைக் கடைத்தெருவில் சொன்னால் கைகலப்பே விளையும். ஒரு குடும்பத்துச் சொல் ஓரிடத்தில் அன்பாகவும் மற்றோரிடத்தில் வசையாகவும் ஆகியிருக்கிறது. நாம் என்னும் பொருளுடைய சிங்கள 'அபி'யும், நம்மை என்னும் பொருளுடைய ஜெர்மன் 'உன்ஸ்' என்பதும் ஒரே மூலத்தன என்று மொழிநூலார் காட்டுவர். ஆயினும் மொழியின் உறவு வேறு. குருதியின் உறவு வேறு. ஆரியம், திராவிடம் என்பன மொழிக்குடும்பங்களின் பெயர்கள். அவற்றை மனிதரின் குருதிக்குச் சூட்டியதால் விளைந்த பெருங்கேட்டைக் கைகர் பிறந்த நாடே கண்டது. அக்கேடு சூழ்ந்திருந்த 1943-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆம் நாள், மியூனிக் அருகே நொய்பிபெர்க் என்னுமிடத்தில் அவர் உயிர்நீத்தார். கதிரியக்கத்தை அளக்கும் கருவியால் உலகறிந்த ஹான்ஸ் கைகரும், நிலத்தையொட்டிய காற்றின் தட்பவெப்பத்தை ஆராய்ந்த ருடோல்ஃப் கைகரும் அவர் மைந்தர்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்மைகளை அளப்பது அக்குடும்பத்தின் இயல்பு போலும்! இடைக்கால இலங்கையின் பண்பாடு பற்றி அவர் எழுதிவைத்த நூல் 1960-லேதான் அச்சேறியது.

கைகரின் இலக்கணம் வெளிவந்த பத்தாம் ஆண்டில், 1948-ல், குடியுரிமைச் சட்டம் வந்தது. மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கும் வழி செய்த சட்டம் 2003-லேதான் வந்தது. நான் கந்தோர் வாயிலில் நின்று பேசிய அப்பிள்ளை, அந்த இடைக்காலத்துப் பிள்ளை.

தமிழில் நாம் என்றால் கேட்பவரும் உள்ளடங்குவர். நாங்கள் என்றால் அவர் புறத்தே நிற்பார். சிங்கள 'அபி'க்கும் ஜெர்மன் 'வீர்' என்பதற்கும் இப்பிரிவில்லை. எனவே எவரேனும் 'அபி' என்று சொல்லும்போது, நானும் அதனுள் உண்டா என்று என் தமிழ்ச் செவி இன்றும் ஒரு கணம் தயங்குகிறது. விடை இலக்கணத்தில் இல்லை. சொல்பவரின் முகத்தில்தான் உண்டு. அந்த முதிய ஆசிரியர் நூலை என் கையில் வைத்து 'அபி' என்று சொன்னபோது, நான் அதனை நாம் என்றே மொழிபெயர்த்துக்கொண்டேன். அவரும் அதனை மறுக்கவில்லை.