வகுப்பறைக்கு வந்த விளம்பரக் கலை
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – தாவரவியல்)

பூக்கடைக்கு விளம்பரம் வேண்டாம் என்பது நம் ஊர்ப் பேச்சு. இன்றோ பூவுக்கும் விளம்பரம் உண்டு. பொட்டுக்கும் விளம்பரம் உண்டு. மக்கள் தொடர்பு, விளம்பரம் ஆகிய பாடங்களைப் பெரிய பல்கலைக்கழகங்களில் பயின்று பட்டம் பெறுவோரும் பலர். இந்தக் கலையை வகுப்பறைக்குள் அழைத்து வந்தவர்களுள் முதன்மையானவர் எட்வர்ட் பெர்னேஸ். அவரது வாழ்வு நாம் வியக்கவும் வேண்டியது, அஞ்சவும் வேண்டியது.

பெர்னேஸ் 1891ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். உள்ளத்தின் ஆழத்தை ஆராய்ந்த பேரறிஞர் சிக்மண்ட் பிராய்டுக்கும் இவருக்கும் இரட்டை உறவு. தாயார் அன்னா, பிராய்டின் தங்கை. தந்தையார் எலி, பிராய்டின் மனைவி மார்த்தாவின் அண்ணன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். எனவே பிராய்டு இவருக்குத் தாய்மாமனும் ஆவார். அத்தையின் கணவரும் ஆவார்.

கைக்குழந்தையாக இருந்தபோதே, 1892இல், குடும்பம் நியூயார்க் நகரில் குடியேறியது. தானிய வணிகரின் மகனான பெர்னேஸ், கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று 1912இல் பட்டம் பெற்றார். ஆனால் மனம் மண்ணில் ஊன்றவில்லை, ஏட்டில் ஊன்றியது. மருத்துவ இதழ் ஒன்றின் ஆசிரியப் பணியில் அமர்ந்தார்.

அங்கேதான் அவரது ஆற்றல் முதன்முதலாக வெளிப்பட்டது. பால்வினை நோயின் கொடுமையைக் காட்டும் பிரெஞ்சு நாடகம் ஒன்றை 1913இல் நியூயார்க்கில் மேடையேற்ற முயன்றனர். அந்நாளில் அந்நோயின் பெயரைச் சொல்லவும் மக்கள் கூசினர். பெர்னேஸ் என்ன செய்தார்? நாடகத்தைப் புகழ்ந்து சுவரொட்டி ஒட்டவில்லை. சமுதாய நலத்துக்கென ஒரு குழுவை அமைத்து, ஊரார் மதிக்கும் பெரியோர்களை அதில் சேர்த்தார். கூச்சம் விலகியது, நாடகம் நடந்தது. பொருளைப் புகழ்வதைவிட, மக்கள் நம்பும் மனிதரைப் பொருளின் பக்கம் நிறுத்துவதே சிறந்த வழி என்பதை அவர் கண்டுகொண்டார்.

பின்னர் ரஷ்ய நடனக் குழுவுக்கும், பாடகர் கரூசோவுக்கும் விளம்பரப் பணி செய்தார். முதல் உலகப் போரில் அமெரிக்க அரசின் செய்திக் குழுவில் பணியாற்றினார். நாட்டையே போருக்கு அணிதிரட்டிய பிரசாரம், அமைதிக் காலத்திலும் பயன்படும் என்பது அவர் கற்ற பாடம். 1919இல் டோரிஸ் பிளைஷ்மன் என்னும் அம்மையாரோடு இணைந்து தொழில் தொடங்கினார். 1922இல் அவரையே மணந்தார்.

1923ஆம் ஆண்டு இத்துறையின் வரலாற்றில் பொன்னாண்டு எனலாம். பொதுமக்கள் கருத்தை உருவாக்குவது பற்றிய அவரது முதல் நூல் அவ்வாண்டு வெளிவந்தது. அதே ஆண்டில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பு என்ற பெயரிலேயே பாடம் நடத்தினார். அப்பெயரில் ஒரு பல்கலைக்கழகத்தில் நடந்த முதல் பாடம் அதுவே என்பர்.

அவர் கைவண்ணத்துக்குச் சான்றுகள் பல. குளிப்பதை வெறுக்கும் குழந்தைகளுக்காகச் சோப்புக் கட்டியில் சிற்பம் செதுக்கும் போட்டி நடத்தினார். ஐவரி சோப்பு வீடுதோறும் நுழைந்தது. பன்றி இறைச்சி விற்கும் நிறுவனத்துக்காக, காலை உணவு வயிறு நிறைய இருக்க வேண்டும் என மருத்துவர்களைச் சொல்ல வைத்தார், விற்பனை பெருகியது.

ஆனால் 1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு அன்று நிகழ்ந்ததை எப்படிப் புகழ்வது? பெண்கள் பொது இடத்தில் புகைப்பது இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. சிகரெட் நிறுவனம் ஒன்றுக்காக, இளம்பெண்கள் சிலரை நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூ வீதியில் சிகரெட் பற்றவைத்து நடக்கச் செய்தார். அதற்குச் சுதந்திரத் தீப்பந்தம் என்று பெயர் சூட்டினார். ஏடுகள் அதைப் பெண்ணுரிமைச் செய்தியாகவே வெளியிட்டன. பின்னால் நின்ற பணப்பையை மக்கள் அறியவில்லை. அந்தப் புகையைப் பெர்னேஸ் தாம் விரும்பியவர் அல்லர்; தம் மனைவி புகைப்பதை நிறுத்த வீட்டில் ஓயாது முயன்றவர் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டம் பெற்றபின் விளம்பரத் துறையில் மேற்படிப்புப் படிக்க எனக்கு ஆசை உண்டு. இதைச் சொன்னபோது, பொருளை விற்கவும் ஒரு படிப்பா என்று அம்மா வியந்தார்கள். அப்பா எழுத்துக் கூட்டிப் படிப்பவர். ஆயினும் தாம் குடிக்கும் பீடிக் கட்டின் மேலுள்ள படத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காண்பார். அவரது இருமலை எங்கள் வீடு இரவெல்லாம் அறியும். எழுத்து எட்டாத இடத்தையும் விளம்பரம் எட்டிவிடுகிறது. அந்த ஆற்றலைக் கற்க விரும்புபவர், அது யாருடைய நெஞ்சில் போய்த் தைக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா?

எய்த அம்பு எய்தவனையும் தேடி வந்தது. ஜெர்மனியில் யூதருக்கு எதிரான பிரசாரத்துக்குக் கோயபல்ஸ் தம் நூலைப் பயன்படுத்துவதாக 1933இல் ஒரு செய்தியாளர் வழியே அறிந்து அதிர்ந்ததாக, 1965இல் வெளிவந்த தன்வரலாற்றில் பெர்னேஸ் எழுதினார். எனினும் அவர் கைத்திறன் ஓயவில்லை. அமெரிக்கப் பழ நிறுவனம் ஒன்றுக்காகக் கவுதமாலா அரசைக் கம்யூனிச அபாயமாகச் சித்திரித்தார். மக்கள் தேர்ந்தெடுத்த அந்த அரசு 1954இல், அமெரிக்க உளவு நிறுவனத்தின் துணையோடு கவிழ்க்கப்பட்டது.

முதுமையில் அவர் மாறினார். 1964இல் புகையின் தீமையை அமெரிக்க அரசின் மருத்துவ அறிக்கை உறுதி செய்தது. பெர்னேஸ் புகை எதிர்ப்பு இயக்கத்தில் சேர்ந்து, விளம்பரத் தடைக்காக உழைத்தார். 1971 ஜனவரி 2 முதல் அந்நாட்டு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரம் நின்றது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் மக்கள் தொடர்பாளருக்கும் உரிமமும் ஒழுக்க விதியும் வேண்டும் என இறுதிவரை வற்புறுத்தினார். அது நிறைவேறாமலே, 1995 மார்ச் 9 அன்று, 103ஆம் வயதில் மறைந்தார்.

வினைத்திட்பத்துக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதற்கு முன்பாகவே வினைத்தூய்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்துவிட்டார். பெர்னேஸ் முதலில் திட்பத்தைக் கற்பித்தார். தூய்மையைக் கேட்க வந்தபோது காலம் கடந்திருந்தது. மாணவ நண்பர்களே! இக்கலையைப் படிப்போம்; தொழிலாக ஏற்காதவரும் படிப்போம். ஓர் அறிவிப்பைக் கண்டவுடன், இதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்கும் பழக்கத்தை முதற்பாடமாகக் கொள்வோம். அந்த வரிசையில் கற்பதானால், எங்கள் வீட்டாரின் ஐயத்துக்கும் என்னால் விடை சொல்ல முடியும்.