யார் இந்த டயான் ஃபோசி? மலை கொரில்லாக்களுக்காக வாழ்ந்து, அவற்றின் நடுவிலேயே புதைக்கப்பட்டவரின் கதை

1985 டிசம்பர் 27, காலை. ருவாண்டாவில் விருங்கா மலைத்தொடரின் காட்டுக்குள், சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் இருந்த தகரக் குடில் ஒன்றில் அமெரிக்கப் பெண் ஒருவர் வெட்டுக்காயங்களுடன் இறந்து கிடந்தார். படுக்கையறைச் சுவரின் தகரம் அறுத்து எடுக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த பணமும் கேமராக்களும் அப்படியே இருந்தன. திருட வந்தவர்கள் செய்த வேலை இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

இறந்தவர் டயான் ஃபோசி. வயது 53. மலை கொரில்லாக்களை நெருங்கிப் பார்த்து, பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர். அவரைக் கொண்டாடியவர்கள் எத்தனை பேரோ, அவர் மேல் கோபத்தில் இருந்தவர்களும் அத்தனை பேர் இருந்தார்கள். ஏன்? பார்க்கலாம்.

கொரில்லா பக்கம் வந்தது எப்படி?

1932-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர் ஃபோசி. கால்நடை மருத்துவர் ஆகத்தான் ஆசைப்பட்டார். ஆனா வேதியியலும் இயற்பியலும் கைகொடுக்கவில்லை. படிப்பை மாற்றிக்கொண்டு, உடல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அன்றாட வேலைகளைப் பழக்கும் சிகிச்சை நிபுணராக கென்டக்கி மாகாணத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

1963-ல் கடன் வாங்கி ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். அந்தப் பயணத்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, மனித குலத்தின் தோற்றத்தை ஆராய்ந்துவந்த லூயிஸ் லீக்கியைச் சந்தித்தார். இரண்டு, காங்கோ பக்கத்து விருங்கா மலையில் முதன்முதலாகக் காட்டு கொரில்லாக்களைப் பார்த்தார்.

மூன்று ஆண்டு கழித்து, கொரில்லா ஆய்வுக்கு லீக்கி அவரையே தேர்ந்தெடுத்தார். அதுவரை ஃபோசிக்கு விலங்கியல் ஆய்வில் எந்த அனுபவமும் கிடையாது. காட்டுக்குள் போனால் மருத்துவமனை எட்டாத தூரம், அதனால் குடல்வாலை முன்பே அறுவை சிகிச்சை செய்து எடுத்துவிடுவது நல்லது என்று லீக்கி சொல்ல, அவரும் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். அது உறுதியைச் சோதிக்கச் சொன்னது மட்டும்தான் என்று லீக்கி பிறகு தெரிவித்தார்.

அந்த மலையில் என்ன இருக்கு?

விருங்கா என்பது காங்கோ, ருவாண்டா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகள் சேரும் இடத்தில் உள்ள எரிமலைத் தொடர். அதில் உயரமான கரிசிம்பி சிகரம் 4,507 மீட்டர். கீழே மூங்கில் காடு, மேலே போகப்போக பாசி தொங்கும் ஹாகேனியா மரங்கள், தொட்டால் அரிக்கும் காஞ்சொறி வகைச் செடிகள், ஆள் உயரத்தைத் தாண்டும் லொபீலியாக்கள். காட்டெருமை, யானை, டுய்கர் எனும் சிறு மான், தங்கக் குரங்கு எல்லாம் இங்கே உண்டு.

இந்தக் குளிரைத் தாங்கும் அடர்ந்த ரோமத்தோடு வாழ்பவைதான் மலை கொரில்லாக்கள். வளர்ந்த ஆணின் முதுகு வெள்ளி நிறமாகிவிடும். பெண் கொரில்லா சுமார் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் குட்டி போடும். அதனால் ஒரு கொரில்லா செத்தாலும் அந்தக் கூட்டத்துக்குப் பெரிய இழப்பு.

கொரில்லாக்களோடு பழகியது எப்படி?

1967 தொடக்கத்தில் காங்கோ பக்கம் ஆய்வைத் தொடங்கினார் ஃபோசி. அங்கே உள்நாட்டுக் கலவரம் வெடிக்க, ஜூலையில் ராணுவத்தினர் அவரை மலையிலிருந்து இறக்கிக் காவலில் வைத்தனர். அங்கிருந்து தப்பி உகாண்டாவுக்குள் நுழைந்தார். வேறு யாராக இருந்தாலும் ஊர் திரும்பியிருப்பார்கள். அவரோ அதே மலைத்தொடரின் ருவாண்டா பக்கம் ஏறி, செப்டம்பர் 24-ல் புதிய முகாம் போட்டார். கரிசிம்பி, விசோகே என்ற இரு மலைகளுக்கு நடுவே இருந்ததால், இரண்டு பெயரையும் இணைத்து கரிசோகே என்று பெயர் வைத்தார்.

கொரில்லாக்களைப் பார்த்ததும் நிமிர்ந்து நிற்காமல், கை முட்டியை ஊன்றித் தவழ்ந்தே போவார். அவை திருப்தியாக இருக்கும்போது எழுப்பும் ஒலியைத் தானும் எழுப்புவார். அவை தின்னும் காட்டுச் செலரித் தண்டை எடுத்து மெல்லுவார். மூக்கின் மேல் உள்ள மடிப்புகளை வரைந்துவைத்து, ஒவ்வொன்றையும் அடையாளம் கண்டு பெயர் வைத்தார். 1970-ல் பீனட்ஸ் என்ற ஆண் கொரில்லா தானாகவே அவரது கையைத் தொட்டது.

மார்பில் அறைந்துகொண்டு மனிதனைக் கொல்ல வரும் அரக்கன் என்ற சினிமா பிம்பம் உடைந்தது. கொரில்லா குடும்பமாக வாழும், பெரும்பாலும் அமைதியான, இலைதழை தின்னும் விலங்கு என்பதை உலகம் தெரிந்துகொண்டது. அந்த ஆய்வுக்காக கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

டிஜிட்டுக்கு என்ன ஆச்சு?

மான் பிடிக்க வைக்கும் கம்பிக் கண்ணிகளில் கொரில்லாக்களின் கையும் காலும் மாட்டிக்கொள்ளும். காயம் அழுகி அவை சாகும். இன்னொரு பக்கம், குட்டிகளை உயிரோடு பிடிக்க, தடுக்க வரும் பெரிய கொரில்லாக்களைக் கொன்றுவிடுவார்கள். 1969-ல் ஜெர்மனியின் கொலோன் உயிரியல் பூங்காவுக்காக இப்படிப் பிடிக்கப்பட்ட இரண்டு குட்டிகளை ஃபோசிதான் சிகிச்சை கொடுத்துத் தேற்றினார். ஆனால் அவை அங்கே அனுப்பப்படுவதைத் தடுக்க முடியவில்லை. இரண்டும் 1978-ல் இறந்தன.

அதற்குச் சற்று முன்புதான் பெரிய அடி விழுந்திருந்தது. விரல் அடிபட்டிருந்ததால் டிஜிட் என்று அவர் பெயர் வைத்து, குட்டிப் பருவத்திலிருந்து பார்த்துவந்த ஆண் கொரில்லாவை 1977 டிசம்பர் 31 அன்று வேட்டைக்காரர்கள் ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். தன் கூட்டம் தப்பி ஓடும்வரை டிஜிட் எதிர்த்து நின்றிருந்தது. தலையும் கைகளும் வெட்டி எடுக்கப்பட்டிருந்தன. அதன் பெயரிலேயே ஃபோசி நிதி திரட்ட ஆரம்பித்தார்.

மக்கள் அவரை ஏன் எதிர்த்தார்கள்?

டிஜிட் இறந்த பிறகு ஃபோசிக்கு ஆய்வு இரண்டாம்பட்சம் ஆனது. கண்ணிகளை அறுப்பது, வேட்டைக்காரர்களைத் துரத்துவது, காட்டில் மேயும் மாடுகளை விரட்டுவது என்று இறங்கினார். பிடிபட்டவர்களை அடித்தார், உடைமைகளை எரித்தார். சூனியக்காரி என்று அவர்கள் பயப்படும்படி வேஷமும் போட்டார். ஒரு வேட்டைக்காரரின் குழந்தையையே பிடித்துவைத்த சம்பவமும் உண்டு.

மலையடிவாரத்தில் வாழ்ந்தவர்களோ துண்டு நிலத்தில் பிழைக்கும் ஏழைகள். விறகு, தண்ணீர், இறைச்சி எல்லாவற்றுக்கும் காட்டை நம்பியிருந்தவர்கள். அவர்கள் கண்ணில் ஃபோசி, விலங்குக்காக மனுஷனை அடிக்கும் வெளிநாட்டுக்காரர். இந்த நியாயத்தைப் பேசாமல் அவரது கதையைச் சொல்ல முடியாது.

சுற்றுலாப் பயணிகள் வருவதையும் அவர் விரும்பவில்லை. மனிதர்களின் சளி, காய்ச்சல் கொரில்லாக்களுக்கும் தொற்றும் என்ற அவரது கவலை நியாயமானதே. 1979-ல் தொடங்கிய இன்னொரு திட்டமோ, சுற்றுலா வருமானம் வந்தால்தான் காட்டைக் காக்க முடியும் என்று வாதிட்டது.

கொலையாளி யார்?

அவரோடு இருந்த அமெரிக்க ஆய்வு உதவியாளர்தான் கொலையாளி என்று ருவாண்டா நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அவர் அதற்கு முன்பே நாட்டை விட்டுப் போயிருந்தார், குற்றத்தையும் மறுத்தார். இன்றுவரை பலருக்கு அந்தத் தீர்ப்பில் சந்தேகம் தீரவில்லை.

இன்று நிலைமை என்ன?

1980-களின் தொடக்கத்தில் விருங்காவில் சுமார் 250 கொரில்லாக்களே இருந்தன. 2018-ல் வெளியான கணக்கெடுப்பில் அங்கே 604 இருந்தன. உகாண்டாவின் பிவிண்டி காட்டில் இருப்பவற்றையும் சேர்த்து, மொத்தம் 1,000-ஐத் தாண்டியது. அதே ஆண்டு, மிக ஆபத்தான நிலை என்ற பட்டியலிலிருந்து ஒரு படி இறங்கி, அழியும் ஆபத்தில் உள்ளவை என்ற பட்டியலுக்கு மலை கொரில்லா மாற்றப்பட்டது.

இதில் ஃபோசி தொடங்கிய தினசரிக் கண்காணிப்புக்கும் பங்கு உண்டு, அவர் எதிர்த்த சுற்றுலாவுக்கும் பங்கு உண்டு. ருவாண்டாவில் கொரில்லாவை ஒரு மணி நேரம் பார்க்க 2017 முதல் கட்டணம் 1,500 டாலர். பூங்கா வருமானத்தில் ஒரு பங்கு அடிவாரக் கிராமங்களுக்குப் போகிறது. அவர் எதிரியாகப் பார்த்த அதே ஊர்களைச் சேர்ந்தவர்கள்தான் இன்று கொரில்லாக்களுக்குக் காவல்.

கரிசோகே முகாம் 1990-களின் போரில் அழிந்துவிட்டது. கல்லறைகள் மட்டும் இருக்கின்றன. கொல்லப்பட்ட கொரில்லாக்களை அவரே வரிசையாகப் புதைத்த இடத்தில், டிஜிட்டுக்குப் பக்கத்தில் டயான் ஃபோசி இருக்கிறார்.